பட்டறை வாயிலில் நிற்கும் தமிழ்

ஒரு மொழி வாழ்கின்றதா என்பதை, அம்மொழியில் எத்துணைப் பாடல்கள் எழுதப்பெறுகின்றன என்பதை மட்டும் கொண்டு அளந்துவிடுதல் இயலாது. அம்மொழி பேசும் உழைப்பாளி தன் கையிலுள்ள கருவியையும், அக்கருவி செய்யும் வினையையும், அவ்வினையின் கரணியத்தையும் அம்மொழியிலேயே எண்ணவும் சொல்லவும் கூடுமா என்பதே உண்மையான அளவுகோல். மேடைகளில் தமிழ் முழங்குகின்றது, மன்றங்களில் மணக்கின்றது. ஆனால், தெருக்கோடியிலுள்ள ஊர்திப் பட்டறையின் வாயிலிலே அது நின்றுவிடுகின்றது. உள்ளே செல்வது ஏவல் மட்டுந்தான். ‘எடு’, ‘பிடி’, ‘முடுக்கு’, ‘தளர்த்து’ என்னும் வினைச்சொற்கள் தமிழ். எதை எடுப்பது, எதை முடுக்குவது, ஏன் தளர்த்துவது என்னும் அறிவோ ஆங்கிலம். கையும் காலும் தமிழாக, தலை மட்டும் பிறிதாக உள்ள இந்நிலையைப் பழைய சரக்குந்துப் பொறி ஒன்றைக் கொண்டு ஆராய்தல் தகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கனடா நாட்டுத் தொழிற்சாலைகள் எட்டு இலக்கத்திற்கு மேற்பட்ட படை ஊர்திகளைச் செய்து குவித்தன. அவற்றுள் செவர்லே வகைச் சரக்குந்துகள் இந்தியப் படைக்கும் வந்தன. 1945-இல் போர் முடிந்தபின், படைக்கு வேண்டாதன விற்கப்பட்டுத் தனியார் கைக்கு மாறின. அதற்கு முன்னரே, 1928 முதல் 1954 வரை, பம்பாயில் அந்நிறுவனத்தார் இவ்வகை ஊர்திகளை உறுப்புச் சேர்த்து விற்றும் வந்தனர். தீசல் பொறிகள் பெருகுமுன் தமிழகச் சாலைகளில் சுமையேற்றிச் சென்ற சரக்குந்துகளுள் இவையும் இருந்தன. வரிசையாக நிற்கும் ஆறு உருளைகள்; 216 கன அங்குலக் கொள்ளளவு, அஃதாவது ஏறத்தாழ மூன்றரை இலிட்டர்; எரிபொருள் கன்னெய் எனப்படும் பெட்ரோல். இன்று இத்தகையவை பழம்பொருள் போற்றுவாரின் கொட்டில்களில்தாம் உறங்குகின்றன. எனினும், அவை கற்பிக்கும் பாடம் பழையதாகிவிடவில்லை.

சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ அக்காலத்துப் பட்டறை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பொறியின் பின்புறத்தே கனத்த ஆழி ஒன்று சுழல்கின்றது. சுழற்சியின் ஏற்றத் தாழ்வைச் சமன்செய்வதாகலின் அது சமனாழி. பட்டறையில் அதற்குப் பெயர் ‘பிளைவீல்’. அதனை மூடிய கூட்டில் ஒரு சிறு புழை. புழை வழியே ஆழியின் முகம் தெரிகின்றது. அதில் ஓர் எஃகுக் குண்டு பதிக்கப்பட்டிருக்கின்றது. சற்றுத் தள்ளி ஒரு கோடும், அதனருகே ‘யு’, ‘சி’ என இரண்டு ஆங்கில எழுத்துகளும் உள்ளன. விளக்குப் பிடித்து நிற்கும் பன்னிரண்டு அகவைச் சிறுவன், “அது என்ன எழுத்துங்கண்ணா?” என்று கேட்கின்றான். தலைவினைஞர், “அது இங்கிலீசு எழுத்துடா தம்பி, உனக்கெதுக்கு? குண்டப் பாத்து வை, போதும்” என்கின்றார்.

அவர் கொடியவர் அல்லர். அறிவை ஒளித்து வைப்பவரும் அல்லர். அவ்வெழுத்துகளின் பொருளை அவருக்கும் எவரும் சொல்லவில்லை. ‘மேல்நடு’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. உருளைக்குள் மேலும் கீழும் ஓடும் உந்துதண்டு தன் ஏற்றத்தின் உச்சியை, அஃதாவது மேலெல்லையைத் தொட்ட நிலையை அக்கோடு காட்டுகின்றது. குண்டோ, அம்மேலெல்லைக்கு 5 பாகை முன்னுள்ள நிலையைக் காட்டுகின்றது. இத்துணையே செய்தி. ‘மேலெல்லை’, ‘மேலெல்லைக்கு ஐந்து பாகை முன்’ என்று சொல்லியிருப்பின், அச்சிறுவன் ஒரு நொடியில் விளங்கிக்கொண்டிருப்பான். அவன் பெற்றதோ ‘குண்டைப் பார்’ என்னும் ஏவல். அன்றே அவன் தொழிலின் உடல் அவனுக்குக் கொடுக்கப்பட்டு, உயிர் மறுக்கப்பட்டது.

இதனால் விளையும் கேடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. பழைய சரக்குந்தின் மின்கலம் சோர்ந்திருப்பின், முன்புறம் கைத்தண்டைச் செருகிச் சுழற்றிப் பொறியைக் கிளப்புவர். தீப்பொறி மிக முந்தி விழுமாறு அமைந்திருப்பின், உந்துதண்டு மேலேறிக் கொண்டிருக்கும்போதே தீ மூண்டு அதனைக் கீழே தள்ளிவிடும். பொறி பின்னோக்கி உதைக்கும். கைத்தண்டு திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர், கட்டைவிரல் பிசகியவர் உலகெங்கும் பலர். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கவேண்டும், கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்கவேண்டும் என்னும் நெறி இக்கரணியம் பற்றியே எழுந்தது. 1912-ஆம் ஆண்டிற்குரிய கேடிலாக்கு மகிழுந்தில் மின்தொடக்கி வந்தது; இவ்விடரைத் தவிர்த்தமையும் அதன் சிறப்பு. கரணியம் அறிந்தவன் முதலில் பொறியின் வேளையைத் திருத்துவான். பிறகே கைத்தண்டைத் தொடுவான். கரணியம் அறியாதவன் ‘வண்டிக்குக் கிறுக்கு’ என்பான். மறுநாளும் கையை நீட்டுவான்.

“இத்தகைய நுட்பங்களைத் தமிழில் சொல்ல இயலுமா?” என்று வினவுவோர் உளர். சொல்லிக் காட்டுவதே அதற்கு ஏற்ற விடை.

கன்னெய் ஆவியும் காற்றும் கலந்த கலவை உருளைக்குள் புகுகின்றது. உந்துதண்டு மேலேறி அதனை நெருக்குகின்றது. நெருங்கிய கலவையில், மேலே செருகப்பட்டுள்ள பொறிச்செருகி தீப்பொறியை உதிர்க்கின்றது. தீ மூண்டு அழுத்தம் பெருகி உந்துதண்டைக் கீழே தள்ளுகின்றது. அத்தள்ளலே ஊர்தியை ஓட்டுகின்றது. இதில் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்பதே வினா. உந்துதண்டு உச்சியைத் தொட்டபின் விழட்டும் என்று தோன்றும். ஆனால், தீ ஒரே நொடியில் எங்கும் பரவிவிடுவதில்லை. உச்சிப் பொழுதில் உலை கொதிக்கவேண்டுமாயின், அடுப்பை உச்சிப் பொழுதிலா மூட்டுவர்? முன்னரே மூட்டுவர் அன்றோ? அதுபோல, உந்துதண்டு உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் முழுமை பெறவேண்டுமாயின், பொறி முன்னரே விழவேண்டும். இம்முன்மையே முந்துகை, பட்டறையில் ‘அட்வான்சு’. அதனைக் குறைத்தல் பிந்துகை, பட்டறையில் ‘ரிட்டார்டு’. பொறி விழும் பொழுது பொறிவேளை, பட்டறையில் ‘டைமிங்கு’.

எவ்வளவு முன்னர் என்பதும் கணக்கிற்கு அடங்குவதே. கலவை எரிய நொடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கு ஆகும் எனக் கொள்வோர், அளவைக் கீழ்வருமாறு காணலாம். நிமையத்திற்கு 500 சுற்றுச் சுழலும் பொறி, ஒரு நொடியில் 3,000 பாகை திரும்பும். எரியும் பொழுதிற்குள் அது கடப்பது 6 பாகை. அதே பொறி 3,000 சுற்றுச் சுழலுங்கால், நொடிக்கு 18,000 பாகை. எரியும் பொழுதிற்குள் கடப்பது 36 பாகை. ஆகவே, விரைவு கூடுந்தோறும் முந்துகையும் கூடவேண்டும். இதற்கெனப் பகிர்விக்குள், வில்லால் கட்டுண்ட இரண்டு சிறு எடைகள் வைக்கப்பட்டுள்ளன. சுழற்சி மிகும்போது அவை வெளிநோக்கி விரிந்து, பொறிவேளையைத் தாமே முந்தச் செய்கின்றன. வினைஞன் அமைப்பது தொடக்க நிலையை மட்டுமே. எஞ்சியதைக் கருவி பார்த்துக்கொள்கின்றது. தொடக்கம் பிழைப்பின் எல்லா விரைவிலும் பிழையே.

இனி, அமைக்கும் முறை. முதலில் பகிர்வியின் மூடியைக் கழற்றித் தொடுமுனைகளைத் தூய்மை செய்யவேண்டும். அவை முழுதும் விரிந்து நிற்கும்போது இடைவெளி 0.018 அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 0.45 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இடைவெளி மாறினால் பொறிவேளையும் மாறுமாகலின், இதனைத் திருத்தாமல் அடுத்ததைத் தொடுதல் வீண்வேலை. பகிர்வியின் அடியில் அளவுகோடிட்ட சிறு தகடு ஒன்று உண்டு. எரிபொருளின் தரத்திற்கேற்பச் சிறிது முந்தவோ பிந்தவோ வைப்பதற்கு அது பயன்படும். அதனை நடுவில் நிறுத்தவேண்டும்.

அடுத்து, முதல் உருளையின் பொறிச்செருகியைக் கழற்றி, அப்புழையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, பொறியைக் கையால் மெல்லச் சுழற்றவேண்டும். காற்று விரலைத் தள்ளுமாயின், உந்துதண்டு நெருக்கத்தில் ஏறுகின்றது என்று பொருள். இதனை உறுதிசெய்தல் முகன்மையானது. ஒருமுறை பொறி விழுவதற்குள் சமனாழி இருமுறை சுற்றுகின்றது. எனவே, குண்டும் இருமுறை புழைக்கு வரும். ஒன்று, எரிவதற்கு முன்னுள்ள ஏற்றம். மற்றொன்று, எரிந்த புகையை வெளியேற்றும் ஏற்றம். குண்டை மட்டும் பார்க்கப் பழகியவன் இங்கேதான் இடறுகின்றான். குண்டு சரியாக நிற்கும், பொறியோ கிளம்பாது. அரைநாள் பாழாகும்.

நெருக்க ஏற்றத்தில் குண்டு காட்டிமுனைக்கு நேரே வந்தவுடன் நிறுத்தவேண்டும். பகிர்வியின் பிடிப்பைத் தளர்த்தி, மெல்லிய தாள் ஒன்றைத் தொடுமுனைகளுக்கு இடையே வைத்து, பகிர்வியின் உடலைச் சிறிது சிறிதாகத் திருப்பவேண்டும். தாள் இறுக்கம் விட்டு எப்போது நழுவுகின்றதோ, அப்போதுதான் முனைகள் பிரியத் தொடங்குகின்றன; முனைகள் பிரியும் நொடியே தீப்பொறி பிறக்கும் நொடி. அந்நிலையில் பிடிப்பை முடுக்கிவிடவேண்டும். தாளினும் நுட்பம் வேண்டுவோர், சிறு மின்விளக்கு ஒன்றைத் தொடுமுனைக்கும் பொறியின் உடலுக்கும் இடையே இணைத்து மின்னோட்டத்தைத் திறந்து வைப்பர். முனைகள் பிரிந்தவுடன் விளக்கு எரியும். பகிர்வியின் உள்ளே சுழலும் கை எத்திசையிற் சுழல்கின்றதோ, அதற்கு எதிர்த்திசையில் உடலைத் திருப்பினால் பொறிவேளை முந்தும். அத்திசையிலேயே திருப்பினால் பிந்தும். ஆறு உருளைகளும் எரியும் ஒழுங்கு 1, 5, 3, 6, 2, 4.

இறுதியாகச் சாலையில் ஓட்டிப் பார்க்கவேண்டும். சுமையோடு மேடேறுகையில் கல்லைத் தட்டினாற்போலப் பொறியுள் தட்டொலி விடாது கேட்குமாயின், முந்துகை மிகை. அப்படியே ஓட்டினால் உந்துதண்டின் தலை வெந்து பொத்துப்போகும். பொறி மந்தமாக இழுத்து, வெப்பம் ஏறி, கன்னெய் வீணாகுமாயின், பிந்துகை மிகை. புகை வெளியேறும் அடைப்பிதழ்கள் கருகும்.

பழைய சரக்குந்தின் பொறிவேளை அமைத்தல் இவ்வளவே. எழுத்தறிந்த தமிழ்ச் சிறுவன் எவனும் இதனைப் படித்து உணரலாம். எழுத்தறியாதவனுக்குச் சொல்லிக் காட்டினும் விளங்கும். ‘முந்துகை’ என்னும் சொல்லுக்கு அகரமுதலி புரட்டவேண்டா. அவன் தாய், “முந்தி வந்தவன் பந்தியில் உட்காரட்டும்” என்று சொல்லும்போதே அச்சொல் அவன் செவியில் ஏறிவிட்டது. ‘அட்வான்சு’ என்றாலோ, அவன் அறிந்தது வீட்டு வாடகைக்கும் வேலைக்கும் கொடுக்கும் முன்பணம். ஒரே ஒலி அங்கே பணம், இங்கே பாகை. இவ்விரண்டையும் இணைப்பது முன்மை என்னும் பொருள் என்பதை அவனுக்கு எவர் சொன்னார்? பகிர்வியை ‘டெல்கோ’ என்று வழங்கும் பட்டறைகளும் உள. அது வினையைக் குறிக்கும் பெயர்கூட அன்று. அமெரிக்க நிறுவனம் ஒன்றன் பெயரிலுள்ள முதலெழுத்துகளின் கோவை. அச்சொல்லைக் குடைந்து குடைந்து பார்த்தாலும் கருவியின் வேலை அதிலிருந்து வெளிப்படாது. ‘பகிர்வி’ என்றால், எதையோ பகிர்ந்து கொடுக்கின்றது என்பது உடனே விளங்கும். எதைப் பகிர்கின்றது, எவற்றிற்குப் பகிர்கின்றது என்னும் வினாக்கள் தாமே எழும். வினா எழுந்த இடத்திலே அறிவு பிறக்கும்.

இங்கே மறுப்புரைப்போர் மூன்று கூற்றுகளைச் சொல்வர். “இவை உலகப் பொதுச்சொற்கள், மாற்றலாகாது” என்பது முதற் கூற்று. செருமானியப் பொறி ஒன்றன் சமனாழியைப் பார்த்தால் அவர் வாய் அடையும். அங்கே மேலெல்லைக்கு ‘ஓ’, ‘டி’ என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும்; ‘மேல் ஓய்வுப்புள்ளி’ எனப் பொருள்படும் செருமானியச் சொல்லின் சுருக்கம் அது. பிரெஞ்சுக்காரர் அதே நிலைக்குத் தம் மொழிச் சொற்களிலிருந்து ‘பி’, ‘எம்’, ‘எச்சு’ என்று சுருக்கம் செய்துகொண்டனர். உந்துதண்டு ஒன்றே, உச்சியும் ஒன்றே, பெயர் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. உலகப் பொதுமை என்பது பொருளில் உள்ளது, சொல்லில் இல்லை. ஆங்கிலேயர் வாழ்ந்த நாட்டில் ஆங்கிலச் சொல் பிறந்தது போல, செருமானியர் வாழ்ந்த நாட்டில் செருமானியச் சொல் பிறந்தது. தமிழர் வாழும் நாட்டில் மட்டும் அது பிறக்கலாகாது என்பது எந்நெறி?

“உழைப்பாளிகளுக்கு ஆங்கிலச் சொற்களே பழகிவிட்டன” என்பது இரண்டாங் கூற்று. பழகியது ஒலி, பொருள் பழகவில்லை. மேலும், பழக்கம் மாறாதது என்பதும் பொய். ‘பேருந்து’ என்றும் ‘நடத்துநர்’ என்றும் ‘ஓட்டுநர்’ என்றும் எழுதியபோது நகைத்தோர் இருந்தனர். அச்சொற்கள் பலகையில் ஏறின, வண்டியில் ஏறின, பின்னர் வாயிலும் ஏறின. கட்டைவண்டி செய்த தச்சன் குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி, நுகம் என உறுப்புத்தோறும் பெயரிட்டு வழங்கினான். அப்பெயர்களுக்கு அவன் எவர் வாயிலிலும் சென்று நின்றதில்லை. அவன் வழிவந்தவன் உருளியில் காற்றடைத்தவுடன் ஊமையாகிவிட்டான் என்றால், குறை நாவில் இல்லை, நம்பிக்கையில் உள்ளது.

“அப்பொறிகள் ஒழிந்துவிட்டன, இன்று எல்லாம் மின்னணுக் கட்டுப்பாடு” என்பது மூன்றாங் கூற்று. இது தமிழின் தேவையைக் குறைப்பதில்லை, மிகுவிக்கின்றது. அன்று பொறிவேளையைக் கண்ணால் காணலாம், கையால் திருப்பலாம். இன்று அது மூடிய பேழைக்குள் புகுந்துவிட்டது. தீசல் பொறியில் தீப்பொறி இல்லையெனினும், எரிநெய் பீய்ச்சும் வேளை உண்டு. அதற்கும் முந்துகையும் பிந்துகையும் உள. கண்ணுக்குத் தெரிந்த காலத்திலேயே பெயர் சூட்டாதவர், கண்ணுக்குத் தெரியாத காலத்தில் எதைப் பிடித்துக்கொண்டு விளங்குவர்? குண்டைப் பார்த்து வைத்தவனின் மகன் இன்று கருவித் திரையில் தோன்றும் எண்ணைப் பார்த்து வைக்கின்றான். குண்டு போய் எண் வந்தது, ‘உனக்கெதுக்கு?’ என்னும் விடை மட்டும் போகவில்லை.

தமிழால் இயலாது என்பாருக்கு வரலாறே வாயடைக்கும் சான்று தருகின்றது. 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழ் கற்றார். உடற்கூற்றையும் மருத்துவத்தையும் தமிழ்நூல்களாக்கினார். 1864 முதல் தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். குருதியும் நரம்பும் நோயும் மருந்தும் அன்றே தமிழிற் சொல்லக்கூடியனவாயின. உடலுக்குள் ஓடும் நெஞ்சத் துடிப்பைச் சொல்லவல்ல மொழி, இரும்புருளைக்குள் ஓடும் உந்துதண்டைச் சொல்லமாட்டாதோ? 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழிப் பட்டப்படிப்புகளாகத் தொடங்கப்பெற்றன. அது நல்ல வாயில். ஆனால், மாடியில் விளக்கேற்றி அடித்தளத்தை இருளில் விடுதல் போதாது. பட்டம் பெறுவோரினும் பட்டறையில் பயில்வோரே பலர். அவர்க்கே தாய்மொழியன்றி வேறு துணை இல்லை.

குறை முழுவதையும் பிறர் தலையில் சுமத்துதல் நேர்மையாகாது. தமிழ்ப்பற்றாளர் தம்மையும் ஆராய்ந்துகொள்ளல் வேண்டும். ஒரே உறுப்புக்கு ஐவர் ஐந்து சொற்களைப் படைத்து, எது சிறந்தது என்று ஏடுகளில் மோதிக்கொள்வதுண்டு. ஐவருள் ஒருவரேனும் அவ்வுறுப்பைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே. நெய்க்கறை படாத சொல் பட்டறைக்கு உதவாது. வினைஞன் அருகே அமர்ந்து, அவன் செய்வதைக் கண்டு, அவன் வாயிலேயே கிடக்கும் முடுக்கு, தளர்வு, மரை, பல், நெம்பு, பிடிப்பு ஆகிய சொற்களை முதலாகக் கொண்டு எஞ்சியவற்றை ஆக்கவேண்டும். ‘மரை கழன்றவன்’ என்று மாந்தனையே பொறியாக்கிப் பேசிய மக்கள் நா அது. அதற்குச் சொல் வளம் இல்லை என்பார், அதனைக் கேளாதவரே.

செய்யவேண்டிய பணியும் மலைப்பதற்குரியதன்று. உந்துபொறியின் உறுப்புகளைப் படமாக வரைந்து, நல்ல தமிழ்ப் பெயர் பொறித்து, ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்டலாம். பழகிய பெயரைச் சிறிதாக அடியில் எழுதினும் தவறில்லை. பழையதைக் காட்டித்தான் புதியதற்கு அழைக்கவேண்டும். பொறியியல் கற்ற தமிழிளைஞர் திங்களுக்கு ஒருநாள் தம் ஊர்ப் பட்டறையில் அமர்ந்து, ஒரே ஒரு வினையின் கரணியத்தைத் தமிழிற் சொல்லலாம். தலைவினைஞரின் கையறிவை அவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஏட்டறிவும் கையறிவும் ஒருங்கே அமர, தமிழைத் தவிர வேறு திண்ணை இல்லை.

தீப்பொறி மிக முந்தி விழுந்தால் கை முறிகின்றது. மிகப் பிந்தி விழுந்தால் ஆற்றல் புகையாகப் போகின்றது. தமிழ் முந்திவிட்டது என்று எவரும் சொல்லார். பிந்திவிட்டது என்பதே உண்மை. அப்பிந்துகையால் எத்தனை சிறுவரின் அறிவு புகையாகிப் போயிற்றோ! பிடிப்பைத் தளர்த்தித் திருப்பவேண்டிய கை தமிழர் கையே. இனி ஒரு சிறுவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, “அது என்ன எழுத்துங்கண்ணா?” என்று கேட்கும்போது, “அது மேலெல்லைடா தம்பி, இங்கே வா, ஏன்னு சொல்றேன்” என்னும் விடை எழவேண்டும். அவ்விடை எழும் பட்டறையிலே தமிழ் வாயிற்படியைக் கடந்து உள்ளே நுழைந்திருக்கும்.